மலையகத்துச் சொந்தங்களைப் பார்க்கக் கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற தேயிலை மலையும், இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே பெரியம்மா வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலையும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். ஆனாலும் பதினோரு வயதில் இலங்கையை விட்டு வந்தபோது பிரிந்த அக்காவை அம்மா மறுபடி நேரில் பார்க்க ஐம்பது வருடம் ஆனது. அதில் நாற்பத்தெட்டு வருடம் கையில் காசில்லை. கடைசி இரண்டு வருடம் காசு இருந்தது, காகிதம் சரியாக இல்லை.

2025 மே மாதம் ஒருவழியாகப் போய்வந்தோம். அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள். நீலகிரி, வால்பாறைப் பக்கங்களிலும் சமவெளியிலும் எங்களைப் போல அக்கரையில் பாதிச் சொந்தத்தை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். நாங்கள் பட்ட பாட்டை அவர்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தேதி, பிறகுதான் டிக்கெட்

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்கி ஜூன் தொடக்கம்வரை ஓடுகிறது. அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். இலங்கையில் பாடசாலைகளுக்கு ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள்தான் விடுமுறை. மே மாதத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஆசையாகப் போய் இறங்கினால், பெரியம்மா மகனான அண்ணனின் பிள்ளைகள் காலை 6 மணிக்கே வெள்ளைச் சீருடையில் கிளம்பிவிடுகிறார்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் போனால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர்களெல்லாம் ஊர் திரும்பும் நேரம் அது. அதனாலேயே அந்த வாரம் மலைக்குப் போகும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் 'சீசன்' என்பதால் பூக் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கூட்டம் குவியும். அறை வாடகை பல மடங்கு ஏறும். சொந்தம்தான் முக்கியம், ஊர் சுற்றுவது பிறகு என்றால் ஏப்ரல். பிள்ளைகளின் தேர்வு முடிந்துதான் புறப்பட முடியும் என்றால் மே மாதத்தின் முதல் பாதி. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் நாள் முழுக்கக் கொட்டும்.

மே மாதத்தில் புத்தரை நினைத்துக் கொண்டாடும் வெசாக் பண்டிகை வரும். பௌர்ணமி நாட்களை அங்கே போயா என்கிறார்கள். மாதாமாதம் அரசு விடுமுறை. அன்று வங்கி இல்லை, மதுக்கடை இல்லை, இறைச்சியும் கிடைக்காது. வெசாக்கில் விளக்குக் கூடுகள் பார்க்கக் கொழும்புத் தெருக்களில் மக்கள் நிறைந்துவிடுவார்கள். வெசாக்கின் இரண்டு விடுமுறை நாட்களில் விமானம் ஏறவோ இறங்கவோ தேதி வைக்காதீர்கள். மற்றபடி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வழியெங்கும் 'தன்சல்' என்ற பந்தல் போட்டு வருவோர் போவோருக்கெல்லாம் சாப்பாடு இலவசமாகக் கொடுக்கிறார்கள். என் மகன் ஐஸ்கிரீம் தன்சல் வரிசையில் மூன்று முறை நின்றான்; மூன்றாம் முறையும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

இன்னொரு தேதி எந்த நாட்காட்டியிலும் இருக்காது. பெரியம்மா வீட்டுத் தோட்டத்தில் 10ஆம் தேதி சம்பளம். நாங்கள் 6ஆம் தேதி போய் நின்றோம். மாதத்தில் கை வறண்டிருக்கும் நாட்கள் அவை. உங்கள் சொந்தம் இருக்கும் தோட்டத்தில் சம்பளம் என்றைக்கு என்று நாசூக்காகக் கேட்டு, அதற்குப் பிந்திய தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா எப்போது என்றும் கேளுங்கள். அது தோதாக அமைந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளிவிட்டு அந்த வாரமே போகலாம்.

2. பாஸ்போர்ட்: ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள்

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். புதிதாக எடுக்கும்போது 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 8 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். கைக்குழந்தையானாலும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தே வருடத்தில் காலாவதி ஆகும் என்பதையும் மறக்காதீர்கள். ஒருமுறை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பத்து வருடம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பயணத் தேதிக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கவேண்டும்.

எங்கள் இரண்டு வருடத்தைத் தின்றது அம்மாவின் பாஸ்போர்ட். பிறந்த இடம் இலங்கை என்று எழுதிய உடனே, இந்தியக் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதார் அட்டையும் வாக்காளர் அட்டையும் அதற்குப் போதாது. ஒரு அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம். கடைசியில் கைகொடுத்தது, தாத்தா தகரப் பெட்டியில் வைத்திருந்த பழைய இந்தியப் பாஸ்போர்ட். கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழங்கியது; குடும்பத்தோடு கப்பலேறியபோது கொண்டுவந்தது. அதில் அம்மாவின் பெயரும் இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாஸ்போர்ட்டோ, இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியா திரும்பியவர்களுக்குக் கொடுத்த 'தாயகம் திரும்பியோர்' குடும்ப அட்டையோ, குடியுரிமைப் பதிவுச் சான்றிதழோ இருக்கும். இப்போதே தேடுங்கள். கரையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், பிளாஸ்டிக் உறை போடுங்கள். கடையில் கொடுத்து லேமினேட் செய்யவும் வேண்டாம். அசலைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பார்கள்.

பெயரில் உள்ள எழுத்து வித்தியாசம் அடுத்த வில்லங்கம். பழைய காகிதத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரைத் திருத்திவிடுங்கள். விண்ணப்பித்த பிறகு திருத்தப்போனால் காவல் நிலைய விசாரணை இரண்டாம் முறை வரும்.

3. விசா: அரசுத் தளம் ஒன்று, போலித் தளங்கள் பல

இலங்கைக்கு முன்கூட்டியே இணையத்தில் 'இ.டி.ஏ.' என்ற பயண அனுமதி எடுக்கவேண்டும். தேடுபொறியில் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவார்கள். முகவரி 'ஜி ஓ வி புள்ளி எல் கே' என்று முடிந்தால்தான் அது அரசுத் தளம். இந்தியர்களுக்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது, சில காலம் இலவசமாகவும் இருந்தது. அதனால் யார் சொன்ன தொகையையும் நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று அந்தத் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனியே எடுக்கவேண்டும். முதலில் 30 நாள் கிடைக்கும். சொந்தம் பார்க்க அது தாராளம். எங்களுக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. ஆனாலும் இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

படிவத்தில் இரண்டு இடங்களில் தடுக்கும். முதலாவது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். நாமாக இனிஷியலைச் சேர்த்தால் விமான நிலையத்தில் பதில் சொல்லவேண்டிவரும்.

இரண்டாவது, இலங்கையில் தங்கும் முகவரி. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; அவற்றில் பலவற்றுக்குக் கதவிலக்கம் கிடையாது. தோட்டங்களுக்கோ இரண்டு பெயர்: ஆங்கிலேயர் வைத்தது ஒன்று, நம் ஆட்கள் வைத்தது ஒன்று. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்ப் பெயர்தான். அதை எந்த வரைபடத்திலும் காணோம். தோட்டத்தின் பதிவுப் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எந்தத் தபாலகம் என்ற மூன்றையும் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, அதன் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு மேசையிலும் அதைத்தான் கேட்பார்கள். கூடவே திரும்பும் டிக்கெட்டின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

4. விமானம், பணம், சிம் அட்டை

சென்னை, திருச்சி, மதுரை மூன்றிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. விலை குறைவு என்று இரவு விமானத்தில் போகாதீர்கள். காலையில் இறங்கினால்தான் இருட்டுவதற்குள் மலை ஏற முடியும்.

இந்திய ரூபாயை அங்கே கடையில் வாங்கமாட்டார்கள். புறப்படும் முன் இங்கே உரிமம் பெற்ற இடத்தில் டாலராக மாற்றி, கட்டுநாயக்க விமான நிலையத்து வங்கி முகப்பில் இலங்கை ரூபாயாக மாற்றிக்கொண்டோம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மிச்சப் பணத்தைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள். நாங்கள் போன மாதம் ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய். கையில் கத்தையாக நோட்டு வந்ததும் பணக்காரர் ஆகிவிட்டதாகத் தோன்றும். ஒரு டீக்கடைக்குள் நுழைந்தால் தெளிந்துவிடும். 2024 பிப்ரவரி முதல் இந்திய யு.பி.ஐ. அங்கே சில கடைகளில் செல்லுகிறது, உண்மைதான். ஆனால் தோட்டத்துப் பெட்டிக்கடைக்கு அது எட்டவில்லை.

சிம் அட்டையைப் பாஸ்போர்ட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கலாம். எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த லயத்துக்கு வருகிறது என்று மட்டும் முன்பே சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை. எட்டு நாளும் போன் பேச மலைமேல் கோயிலடிக்கு ஏறினோம்.

5. பெட்டியில் எதை வைப்பது

சேலை, குழந்தைகளுக்குத் துணி, சாமி படம், பித்தளை விளக்கு, வீட்டில் அரைத்த மசாலாத் தூள், முறுக்கு. இவற்றுக்கு அங்கே நல்ல வரவேற்பு. கழுத்து நிறைய நகை வேண்டாம். இரண்டு பக்கச் சுங்கத்திலும் கேள்வி வரும்.

செடி, விதை, பழம் எதையும் அனுமதியில்லாமல் கொண்டுபோகக்கூடாது. அம்மாவிடம் சொல்லித்தான் இருந்தேன். கட்டுநாயக்கவில் பையைத் திறந்தபோது, சேலை மடிப்புக்குள்ளிருந்து நாட்டு அவரை விதைப் பொட்டலம் விழுந்தது. அக்காவுக்குப் பிடிக்கும் என்று அம்மா முடிந்துவைத்திருந்தது. அதிகாரி கோபப்படவில்லை, வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டார். அம்மா அந்தத் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஆளுக்கு ஒரு போர்வை, கம்பளிச் சட்டை, டார்ச், குடை. போர்வையைச் சுமையென்று விட்டுவிடாதீர்கள். விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் சேலையைப் போர்த்திக்கொண்டு படுப்பதை இரண்டாம் இரவுதான் கவனித்தேன். நாங்கள் குளிர் பழகியவர்கள்; மதுரை, ராமநாதபுரத்திலிருந்து போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

6. கட்டுநாயக்கவிலிருந்து மலைக்கு

"நாங்கள் வேன் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்" என்பார்கள். அன்பாகவும் உறுதியாகவும் மறுத்துவிடுங்கள். எங்களுக்கு மறுக்கத் தோன்றவில்லை. வெளியே வந்தால் அண்ணன், பெரியம்மா, அண்ணியின் தம்பி, பக்கத்து வீட்டு மாமா என்று ஆறு பேர் மாலையோடு நிற்கிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஏறிய பிறகு பெட்டிக்கு இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டே போனோம். அம்மாவும் பெரியம்மாவும் பின்சீட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவிசாவளை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காட்சிக்கு விலை கிடையாது என்று அப்போது நினைத்தேன். விலை 28,000 இலங்கை ரூபாய் என்பதும், அண்ணன் அதைக் கடன் வாங்கிக் கொடுத்தார் என்பதும் கடைசி நாள்தான் தெரிந்தது. அவரைக் கொழும்பு பஸ் நிலையத்துக்கு மட்டும் வரச்சொல்லியிருக்கலாம். அல்லது வேனை நாங்களே பேசியிருக்கலாம்.

நீங்களாகப் போவதென்றால், விமான நிலையத்திலிருந்து 187ஆம் எண் பஸ் கொழும்புக்குப் போகிறது. கோட்டை ரயில் நிலையமும் புறக்கோட்டை பஸ் நிலையங்களும் அருகருகே. ஹட்டன் பஸ் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக நான்கு, ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. சாதாரண பஸ்ஸில் ஒருவருக்கு ஆயிரம் இலங்கை ரூபாய்க்குள் முடிந்துவிடும். கித்துல்கலவுக்கு மேல் வளைவுகள் தொடங்கும்; பிள்ளைகளுக்கு அதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே கேட்டுவையுங்கள். தவறினால் ஆட்டோதான். அங்கே அதை 'த்ரீவீல்' என்கிறார்கள். ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

ரயில் பயணம் அழகு, சந்தேகமில்லை. முன்பதிவு 30 நாட்களுக்கு முன் இணையத்தில் திறக்கும். திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும். குளிரூட்டிய முதல் வகுப்பில் ஜன்னலைத் திறக்க முடியாது, அதனால் இரண்டாம் வகுப்பே மேல். நுவரெலியாவில் ரயில் நிலையம் இல்லை, நானுஓயாவில் இறங்கவேண்டும் என்பது பலருக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண் சரிந்து சேதமானது. எந்த நிலையம்வரை ரயில் ஓடுகிறது என்று பயணத்துக்கு முந்தின வாரம் சொந்தக்காரர்களிடம் விசாரித்த பிறகே ரயிலை நம்பித் திட்டம் போடுங்கள்.

இரவில் மலைப்பாதைப் பயணம் வேண்டவே வேண்டாம். நாங்கள் அங்கே இருந்த வாரத்தில், மே 11 அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்று இரவு லயத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

7. லயத்தில் தங்கும்போது

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அதாவது ஒரு அறை, திண்ணை மாதிரி ஒரு முன்பக்கம், சமையல்கட்டு. அதில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் படுத்தார்கள். கழிப்பறை வெளியே. குளிப்பது பீலியில், மலையூற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம் அது. காலையில் பெண்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போய் இடத்தை அடைக்காதீர்கள். 8 மணிக்கு மேல் அங்கே ஆளிருக்காது. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் எட்டு நாளையும் வீட்டிலேயே கழிக்காமல், இரண்டு மூன்று இரவு ஹட்டனில் அறை எடுங்கள். "நாளைக் காலையில் ஊர் சுற்ற டவுனிலிருந்து கிளம்புவது சுலபம்" என்று சொன்னால் யார் மனமும் நோகாது.

வந்து இறங்கிய மறுநாளே, வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று தோட்ட அலுவலகத்தில் அண்ணன் சொல்லிவைத்தார். நீங்களும் சொல்லச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்குள்ளும் துரை பங்களாப் பக்கமும் கேட்காமல் போகாதீர்கள். கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்க ஆசை வரும். நிறுவைக்குக் கொழுந்து சேரவில்லையென்றால் அரைப்பேர்தான் விழும். கூப்பிட்டு நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள்.

இப்போது பேர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நாங்கள் போனபோது நாட்சம்பளம் 1,350 இலங்கை ரூபாய். அண்ணி எங்களுக்காக முதல் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகவில்லையா என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்றார். நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. வேனுக்குக் கொடுத்த 28,000 என்பது அண்ணி இருபது நாள் மலையேறிச் சம்பாதிப்பது.

சாப்பாடும் அப்படித்தான். காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், மதியம் தினம் ஒரு கறி, ஆளுக்கு நாலு வேளை பால்மா என்ற பால் பவுடர் கலந்த டீ. ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கத் தோட்டத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடன் எழுதும் கொப்பியை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு உள்ளே போனார். திறந்திருந்த பக்கத்தின் தலைப்பில் பெரியம்மா பெயர். கீழே 6ஆம் தேதியிலிருந்து வரிசையாகக் கோழி, சீனி, பால்மா, முட்டை, மறுபடி கோழி. அந்த வீட்டில் அவர்கள் சாதாரணமாகக் குடிப்பது வெறும் சாயத் தண்ணீர் என்பது அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதல் நாளே ஹட்டனில் அரிசி, பருப்பு, சீனி, பால்மா, எண்ணெய், வெங்காயம் எல்லாம் நீங்கள் இருக்கும் நாட்களுக்கு ஒன்றரைப் பங்காக வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையுங்கள். பணத்தை நீட்டினால் வாங்கமாட்டார்கள், கோபமும் வரும். சாமானை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அண்ணியை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டுச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சண்டை பிடிப்பார்கள். மாலையில் வந்து சூடாகச் சாப்பிட்டால் அடங்கிவிடுவார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் கடைக்குத் தனியாகப் போய்க் கொப்பியில் உள்ள கணக்கைத் தீர்த்துவிடுங்கள். நான் தீர்த்தேன். அண்ணன் இரண்டு மாதம் என்னிடம் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை; பரவாயில்லை.

8. ஊர் சுற்றுவது

யாரைக் கூட்டிப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். நாங்கள் ஐவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் திட்டம் போட்டிருந்தோம். பேச்சுவாக்கில் கேட்டபோது, பெரியம்மா சீதையம்மன் கோயிலை ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், அண்ணன் பிள்ளைகள் நுவரெலியா ஏரியைப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. உள்ளூரிலேயே இருந்தாலும் வேன் பிடிக்கக் காசு வேண்டுமே. அதனால் ஊர் சுற்றுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அன்றுதான் தோட்டத்தில் வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அந்த ஞாயிறு வேனுக்கு 18,000 இலங்கை ரூபாய். எரிபொருள் சேர்த்தா, ஓட்டுநர் சாப்பாடு யார் பொறுப்பு, எத்தனை கிலோமீட்டர்வரை என்ற மூன்றையும் முன்னாலேயே பேசினோம். காலை 6 மணிக்குக் கிளம்பி, தலவாக்கலைக்கு அருகே சாலையிலிருந்தே தெரியும் டெவன், செயின்ட் கிளேயர் அருவிகளைப் பார்த்தோம். இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. பிறகு நுவரெலியா தாண்டிச் சீதா எலியவில் சீதையம்மன் கோயில்; 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்து பளிச்சென்று இருக்கிறது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் கிரகரி ஏரி. அண்ணன் மகள் முதல்முறை படகில் ஏறி, கரைக்கு வரும்வரை பாட்டியின் சேலைத் தலைப்பை விடவில்லை.

டிக்கெட் விஷயத்தில் கவனம். பேராதனைப் பூங்கா, ஹக்கலைப் பூங்கா போன்ற இடங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. ஐந்து பேருக்கு நாங்கள் கொடுத்ததில் அவர்கள் குடும்பமே பல முறை போய்வரலாம். "பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கிறோம், எல்லோருக்கும் உள்ளூர் டிக்கெட்டே எடுத்துவிடலாம்" என்றார் அண்ணியின் தம்பி. அடையாள அட்டை கேட்டால் அசிங்கமாகிவிடும், செய்யாதீர்கள். சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டா என்று முகப்பில் கேளுங்கள். சில இடங்களில் உண்டு, ஆனால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும். ஹோர்ட்டன் சமவெளிக்குக் கட்டணம் டாலர் கணக்கில். அதுவும் விடியும்போதே உள்ளே இருக்கவேண்டும். 10 மணிக்கெல்லாம் 'உலக முடிவு' என்ற மலை விளிம்பில் பனி மூடி எதுவும் தெரியாது. நுழைவாயிலில் பிஸ்கட் உறை, பாலித்தீன் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். முட்டிவலிக்காரர்களை அந்த நடைக்கு அழைக்கவேண்டாம்.

சிவனொளிபாதமலை ஏறும் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. அதன்பிறகு வழி விளக்கு இருக்காது, டீக்கடை இருக்காது, மழையும் காற்றும்தான். மே கடைசியில் போய், "மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர் பக்கத்தில்தானே" என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மனம் தளராமல் ஊவா மாகாணப் பக்கம் நகருங்கள். தென்மேற்கு மழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளையில் அதே நாளில் வெயில் அடிக்கும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட். எங்களுக்கு நாள் போதவில்லை. கண்டி தலதா மாளிகைக்குப் போனால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். எந்த விகாரையிலும் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அது பெரிய குற்றமாகப் பார்க்கப்படுகிறது.

9. உடம்புக்கு ஏதாவது என்றால்

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். அரசு மருத்துவமனையில் உள்ளூர் மக்களுக்குச் சிகிச்சை இலவசம். நோர்வூட், ஹட்டன் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்டம். தினம் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு இங்கிருந்தே எடுத்துப் போங்கள். மழை பெய்தால் அட்டை ஏறும். பிடுங்கி எறியாமல் உப்பை வைத்தால் தானே விழும். பிள்ளைகள் செருப்போடு தேயிலைக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. திரும்பும் நாள்

விமானம் மதியம் என்றால் அதே நாள் காலையில் மலையிலிருந்து கிளம்பாதீர்கள். மண்சரிவில் சாலை அடைபட்டால் அவ்வளவுதான். முந்தின நாளே இறங்கிக் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்குங்கள். நீர்கொழும்பு விமான நிலையத்துக்குப் பக்கம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

வழியனுப்பும்போது அவர்கள் சும்மா விடமாட்டார்கள். தேயிலைத் தூள், மாசிக் கருவாடு, வீட்டுத் தேங்காய் எண்ணெய், ஊறுகாய் என்று பை நிறைந்துவிடும். எடை பார்க்கும் சிறு தராசு ஒன்று கொண்டுபோயிருங்கள். எண்ணெயும் ஊறுகாயும் கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் மூன்று உறை போட்டு வையுங்கள். எங்களிடம் மாசி உறை பிரிந்து, திருச்சியில் பெட்டி வந்து விழுந்தபோது பட்டையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். அம்மா மட்டும் முன்னால் போய் எடுத்துக்கொண்டார்.